எண்டியரிங்

டைப் அடிக்க வந்த கத்தையில் தன் பெயரையே பார்த்ததும் லோகநாயகி அந்தத் தாளை உருவி எடுத்தாள்.

அவளுடைய புரொபேஷன் ரிப்போர்ட். பல்லாவரம் தோல் கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம். இருப்பதே ஒரு டைப்பிஸ்ட், அதனால் தன் தலையெழுத்தையும் மூன்று காப்பி அவளேதான் அடித்தாக வேண்டும்.

வேலையில் நீடிக்கலாம் என்று மேனேஜர் யக்ஞநாராயணன் சிபாரிசு எழுதியிருந்தார். காரணம் என்ற இடத்தில் ஒரே வார்த்தை. 'எண்டியரிங்.'

அர்த்தம் கேட்டதற்குப் பக்கத்து சீட் காமு டிக்‌ஷனரியைப் புரட்டினாள். "பிரியம் கொள்ள வைக்கிற, மனசைக் கவருகிற..." சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "உன்னையாடி எழுதியிருக்கார்?"

"ஆமாக்கா."

"அம்பது வயசு ஆம்பளை எழுதற வார்த்தையா இது? ஜாக்கிரதைடி!"

லோகநாயகி டிக்‌ஷனரியை வாங்கி மூடி வைத்தாள். இந்தச் சம்பளத்தை நம்பித்தான் செம்பாக்கத்தில் அம்மாவும் இரண்டு தங்கைகளும். வேலையை விடவும் பயம், இருக்கவும் பயம். சாது மாதிரி இருந்துகொண்டு என்ன மனுஷர் இவர்!

ஐந்தரைக்குக் காமு கிளம்பிவிட்டாள். ஹாலில் ஈ காக்கை இல்லை.

"அடிச்சாச்சாம்மா? கொண்டு வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

குடையை இறுகப் பிடித்துக்கொண்டு போனாள். கதவை மூடவில்லை.

"சார், இந்த வார்த்தை வேணாம். நல்லா வேலை செய்யறேன்னு எழுதுங்க. இல்லேன்னா எனக்கு இந்த வேலையே வேணாம்!" சொல்வதற்குள் அழுகை முட்டியது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

"அப்படி எழுதினா பொய்யாயிடும்மா. நீங்க ரயிலுக்குப் போனப்புறம், நீங்க அடிச்ச லெட்டர்ல பாதியை நான்தான் திருப்பி அடிக்கிறேன். ஆறு மாசமா."

லோகநாயகி குடையை நாற்காலியில் சாய்த்து வைத்தாள்.

"நல்லதா ஒண்ணும் எழுதலேன்னா நாளைக்கே நிறுத்திடுவாங்க. வாட்ச்மேன் பொன்னுசாமிக்கு ஜுரம்னதும் கஞ்சி கொண்டு வந்தீங்களே, அதையெல்லாம் வீட்ல சொல்லி, பொய் இல்லாம என்ன எழுதலாம்னு கேட்டேன். என் சம்சாரம் இங்கிலீஷ் டீச்சர். 'அந்தப் பொண்ணு வேலை போயிடக் கூடாது'ன்னு இந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்ததே அவதான்."