ஏறாத முள்

நிலவறைத் தரையில் மண்டியிட்டு, குழாய்கள் சேரும் இடங்களை ரைலி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எங்கேயும் ஈரம் இல்லை. அதுதான் எரிச்சலைக் கிளப்பியது.

"எங்கயோ ஒழுகுது," என்றான் பெட்ரி, காலையிலிருந்து ஐந்தாவது தடவையாக. வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்பு பொருத்த வந்தவன் அவன். "தண்ணி போய்க்கிட்டே இருக்கு, முள்ளு ஏற மாட்டேங்குது. உள்ள போற தண்ணி வெளிய வந்துதானே ஆகணும்?"

புதுக் கருவி வெள்ளை வெளேரென்று சுவரோரம் நின்றது. அதன் அழுத்தமானியில் முள் ஒன்றரைக்கு வர வேண்டும். அரை வரை வந்து நடுங்கிவிட்டு மறுபடி கீழே சாய்ந்தது.

"நேத்து பழைய தண்ணியை வடிக்கவும் இப்படித்தான் இழுத்துச்சு. ஏழு ரேடியேட்டருக்கு இவ்வளவு தண்ணியான்னு அப்பவே நினைச்சேன்," என்றான் பெட்ரி.

"பழைய வீடு. குழாயெல்லாம் தடிமன்," என்றாள் ரைலி.

பழைய வீட்டில் பாதி என்று சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கும் வெய்க்கோவுக்கும் விவாகரத்தானபோது யார் வெளியேறுவது என்பது மட்டும் முடிவாகவில்லை. அதனால் கூடத்தின் நடுவே ஒரு சுவர் எழுந்தது. ஏரியைப் பார்த்த பாதி வெய்க்கோவுக்கு, நிலவறையும், வீடு முழுவதையும் சூடாக்கிய எண்ணெய் பாய்லரும் இருந்த பாதி அவளுக்கு.

சுவரைப் பூசி முடித்த அன்று வெய்க்கோ சொன்னான்: "என் பக்கம் வர்ற குழாயை அறுத்து அடைச்சுட்டேன். எனக்கு விறகு இருக்கு. உன் சூடு ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

ஆறு வருடங்கள் ஆகியும் அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்குள் ஆறவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும், அவன் முடுக்கிய திருகுகளோடு நின்ற அந்தப் பழைய பாய்லர் முன்னால் அவள் மண்டியிட வேண்டியிருந்தது. நேற்று அதைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்துப் போனபோது, தன் பாதி கடைசியில் தன்னுடையதாகிவிட்டது என்று நினைத்தாள்.

மறுபடி மேலே போனார்கள். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறினால்தான் தண்ணீர் நிரம்பும் என்று, அறைகளைச் சூடாக்கும் ஒவ்வொரு ரேடியேட்டரின் மூக்கையும் பெட்ரி சின்னச் சாவியால் திறந்தான். காற்று சீறியது, பிறகு தண்ணீர் பீச்சியது, மூடினான். ஏழும் முடிந்தன.

அடுக்களையில் காப்பி குடிக்கும்போது அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். "பக்கத்து ஜன்னல்ல ஒருத்தர் நம்மளையே பாத்துக்கிட்டிருக்கார். வீட்டுக்குள்ள கம்பளித் தொப்பி வேற."

"எங்கயாவது கிளம்பறவன் கிளம்ப வேண்டியதுதானே. நான் படற பாட்டை வேடிக்கை பாக்கறான்."

"யாரு?"

"என் பழைய புருஷன்."

"ஓகோ," என்றான் பெட்ரி. ஏலக்காய் ரொட்டியில் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டான்.

கீழே வந்து பார்த்தபோது முள் கால் அளவுக்கு இறங்கியிருந்தது. எங்கோ சுவருக்குள் தண்ணீர் களக் களக் என்றது. பெட்ரி காதை வைத்துக் கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ரைலி, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு மணிக்கு நான் கிளம்பியாகணும். சுவரை உடைச்சு ஒழுக்கு பாக்கறதுக்கு வேற ஆளு. மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரமா? ராத்திரி மைனஸ் பதினஞ்சுன்னு சொல்றாங்க."

"அதனாலதான் சொல்றேன். எல்லாத் தண்ணியையும் வடிச்சுட்டுப் போறேன், இல்லேன்னா உறைஞ்சு குழாய் வெடிச்சிரும். நீங்க யார் வீட்லயாவது தங்கிக்குங்க."

யார் வீட்டிலாவது. ரைலி கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தாள். தங்கை ஹெல்சிங்கிக்கு வந்துவிடு என்று கெஞ்சியபோது போகவில்லை. காய்ச்சலில் கிடந்த வாரம்கூட இந்தப் பாதியை விட்டு நகரவில்லை. ஒருநாள் பெட்டியோடு வாசலைத் தாண்டினால் வெய்க்கோவின் ஜன்னலைக் கடந்துதான் போக வேண்டும். அவன் ஒரு வார்த்தை பேச மாட்டான். பார்த்துக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான்.

"வடிச்சிருங்க," என்றாள். குரல் அவளை மீறி உயர்ந்தது. "ஒரு சொட்டு விடாம வடிச்சிருங்க. நான் போறேன். வீடு பூரா அவனே வெச்சுக்கட்டும்."

பெட்ரி ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வடிகால் பக்கம் குனிந்தான்.

அப்போது நிலவறையின் வெளிக்கதவு தட்டப்பட்டது. ஆறு வருடங்களாக யாரும் தட்டாத கதவு. ரைலி எழுவதற்குள் அதுவே திறந்தது. வாசற்படியில் வெய்க்கோ நின்றான். மூக்கு சிவந்திருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அழுத்தமானியைத்தான் பார்த்தான். உள்ளே வரலாமா என்றும் கேட்கவில்லை.

கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"என் பக்கத்து எட்டு ரேடியேட்டர்லயும் இன்னும் காத்துதான் இருக்கு ரைலி, திறந்து விட்டுட்டு வரட்டுமா?"