சாலையில் முளைத்தவள்

"கண்ண எங்கய்யா வச்சுக்கிட்டு வண்டி ஓட்டுறே?" என்று கத்தினார் கான்ஸ்டபிள் விலியாமே.

சுவா நகருக்குப் போகிற சாலையில் செமியின் பிக்கப் வண்டி கிறீச்சிட்டு நின்றிருந்தது. பம்பருக்கு ஒரு சாண் முன்னால், மரவள்ளிக்கிழங்குக் கூடையோடு குந்தியிருந்தாள் மெரேசி.

"சத்தியமா ரோட்டுல யாருமே இல்ல சார். திடீர்னு பம்பருக்குக் கீழேருந்து முளைச்சாங்க!"

"போன வாரமும் இதையேதான் சொன்னே. ஊர்ல இத்தனை வண்டி ஓடுது. உன் வண்டி முன்னாடி மட்டும் எப்படிய்யா ஆளுங்க முளைக்கிறாங்க? குடிச்சிருக்கியா?"

"அவனைத் திட்டாதீங்க" என்றாள் மெரேசி. "நான்தான் குனிஞ்சு போனேன். உள்ள யாரு உட்கார்ந்திருக்காங்கன்னு பாருங்க. அவங்க முன்னாடி நிமிர்ந்து நடந்தா நல்லாவா இருக்கும்?"

விலியாமே எட்டிப் பார்த்தார். முன்சீட்டில் ஊர்த் தலைவர் ராத்து எபேலி! சட்டென்று தொப்பியைக் கழற்றிவிட்டு அவரும் குனிந்தார்.

"என்னால யாரும் சாக வேண்டாம்ப்பா. நாளையிலேருந்து நான் நடந்தே போறேன்" என்றார் தலைவர்.

மறுநாள் காலை, சாலையோரமாக நடந்துவந்த தலைவருக்கு எதிரே விலியாமேயின் ஜீப் வந்தது. தலைவரைப் பார்த்ததும் விலியாமே ஸ்டியரிங்குக்குக் கீழே வரை குனிந்தார்.

வாய்க்காலில் கிடந்த ஜீப்பை இழுக்க வந்த செமி, கயிற்றைக் கட்டிக்கொண்டே பணிவாகக் கேட்டான்:

"கண்ண எங்க சார் வச்சுக்கிட்டு வண்டி ஓட்டுறீங்க?"