சலவைக்கடையில் ஒரு சிடுமூஞ்சி

அன்று சலவைக்கடையில் இருந்தவர்கள்: போதகர், சபைச் செயலாளர், செயலாளரின் மனைவி, கடையின் முதலாளியம்மா. அப்புறம் இஸ்திரி போடும் ஆள். அவனை யாரும் ஒரு ஆளாகச் சேர்ப்பதில்லை. அவனுக்காகப் பேசத்தான் வந்திருப்பதாகச் சபையிலிருந்து வந்த மூவரும் சொல்லிக்கொண்டார்கள்.

“காலர் இன்னும் மடங்கியிருக்கு. கண்ணு பொடனியிலயா இருக்கு?” முதலாளியம்மா சட்டையைச் சுருட்டி அவன் மேலேயே எறிந்தார்.

“சரிங்கம்மா.”

“அம்மான்னு கூப்பிடாதே! முதலாளின்னு சொல்லு. எத்தனை தடவை சொல்றது?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு காலரில் தண்ணீர் தெளித்தான். செயலாளரின் மனைவி, ‘பார்த்தீங்களா’ என்பதுபோலப் போதகரைப் பார்த்தார்.

“இதுக்குத்தான் வந்தோம் சிஸ்டர்,” என்றார் போதகர். “வெளிச்சத்தை ஆலயத்தோட விட்டுட்டு வரக்கூடாது, வேலை செய்யற இடத்துக்கும் கொண்டு போகணும்னு ஒரு மாசமா பிரசங்கம் பண்றேன். முதல் வரிசையில உட்கார்ந்து கேட்டீங்க.”

“கேட்டேன்.”

“ஜெயில்லேருந்து வந்தவன்னா அவ்வளவு இளப்பமா?” செயலாளர் குரலை உயர்த்தினார். “ஒரு வருஷத்துல ஒரு நல்ல வார்த்தை உண்டா? நீங்க கத்தறது தெருவுக்கே கேட்குது. இதுல ஞாயிறு பள்ளியில பிள்ளைங்களுக்கு அன்பைப் பத்திப் பாடம் வேற!”

“அதுக்கு?”

“இவன்கிட்ட மன்னிப்பு கேளுங்க. இல்லேன்னா அந்த வகுப்பு இனி உங்களுக்குக் கிடையாது.”

முதலாளியம்மாவின் முகம் வெளுத்தது. பிள்ளைகளோடு இருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் வாரம் முழுக்க உயிரோடு இருந்தார். அது சபையில் எல்லோருக்கும் தெரியும்.

இஸ்திரிக்காரன் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். “வேண்டாங்கய்யா. பதினேழு கடை ஏறி இறங்கினேன். எவனும் உள்ளே விடலை. இவங்கதான் விட்டாங்க. வகுப்பைப் பிடுங்கிடாதீங்க.”

“எனக்காக நீ பேசாதே. வாயை மூடு!”

“திமிரைப் பாருங்க,” என்றார் செயலாளரின் மனைவி. “அவனே வாயில்லாப்பூச்சி. அவன்கிட்ட ஒரு தடவை சிரிச்சா என்ன, முத்தா உதிர்ந்துடும்?”

முதலாளியம்மா மேஜை இழுப்பறையிலிருந்து ஞாயிறு பள்ளி வருகைப் பதிவேட்டை எடுத்துப் போதகர் கையில் திணித்தார். வாசல் கதவைத் திறந்து பிடித்தார். மூவரும் படியிறங்கினார்கள்.

போதகர் மட்டும் திரும்பி நின்றார். “ஒரு சிரிப்புதானே கேட்டோம் சிஸ்டர்?”

“என் மகனைக் கொன்னவனுக்கு வேலை கொடுத்திருக்கேன் பாஸ்டர். சிரிக்க இன்னும் வரலை.”

கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டினார்.