உப்புச் சட்டை

“பசுங்க மேல ஒரு குத்தமும் இல்ல, கொளஞ்சியப்பா. குறை உன் காளைகிட்டதான்” என்றார் கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரி டாக்டர்.

கொளஞ்சியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுடைய மயிலைக் காளைக்கு இருந்த பேரென்ன, மவுசென்ன! சின்னசேலத்திலிருந்தெல்லாம் பசுவை ஓட்டிவந்து வாசலில் காத்துக் கிடப்பார்கள். இரண்டு வருஷமாகத்தான் எந்தப் பசுவுக்கும் சினை நிற்கவில்லை. அதற்காகக் காளையை யாராவது சந்தேகப்படுவார்களா? அவரவர் பசுவைத்தான் மலடு என்று திட்டி அடிமாட்டு லாரியில் ஏற்றினார்கள். பாழாய்ப்போன ஊர் வழக்கம் அது. கடைசியில், நல்ல நல்ல பசுக்களை அப்படிப் பறிகொடுத்த கந்தசாமி வந்து வாசலில் கத்திவிட்டுப் போனார். அந்த ரோஷத்தில்தான் காளையை இங்கே ஓட்டிவந்து சோதனைக்குக் கொடுத்திருந்தான்.

ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறதாம். ஈயம் ஏறினால் விந்தில் உயிரே இருக்காதாம். எந்தத் தீவனம், எந்தத் தண்ணீர் என்று துருவித் துருவிக் கேட்ட டாக்டர், அவன் என்ன வேலை செய்கிறான் என்று விசாரித்தார்.

பத்து வருஷமாகப் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற பட்டறையில் வேலை என்றான். இரண்டு மூன்று வருஷமாக, சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டுக்கொட்டகைக் கம்பத்தில் மாட்டுவான். வேர்வை உப்புக்கு ஆசைப்பட்டுக் காளை அதை விடாமல் நக்கும்.

“நம்ம மேல பாசம்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார்” என்றான்.

“அந்தச் சட்டைதான்யா விஷம். கொட்டகைப் பக்கமே கொண்டு போகாதே. மருந்து தரேன், தேறினாலும் தேறும். நீயும் ஒரு தடவை பெரியாஸ்பத்திரியில ரத்தத்தைக் காட்டிடு.”

கொளஞ்சியப்பன் தலையாட்டினான். அடிமாட்டுக்குப் போகாமல் காளை தப்பித்ததே என்று சந்தோஷப்பட வேண்டியவன், காளையின் முதுகைத் தடவியபடி வேறு என்னவோ யோசித்தான்.

“அப்ப செவ்வந்தி மேல குத்தம் இல்லீங்களா சார்?”

“எந்த செவ்வந்தி?”

“நம்ம வூட்ல இருந்திச்சி சார். ஆறு வருசம் பார்த்தோம். வயித்துல ஒன்னும் தங்கல. மலட்டை வச்சிக்கினு இன்னா பண்றதுன்னு எங்கம்மாதான் பொறந்த எடத்துக்கே அனுப்பிட்டாங்க. கண்ணுல தண்ணி வுட்டுக்கினே போச்சி.”

டாக்டர் உச்சுக் கொட்டினார். “வாயில்லா ஜீவன். லாரியில ஏத்தாம விட்டீங்களே, அதுவே பெரிசு. நாளைக்கே போய் ஓட்டிட்டு வந்துடு. வேற நல்ல காளையாப் பார்த்து விடு, கண்டிப்பா சினை நிக்கும்.”

கொளஞ்சியப்பன் காளையின் கயிற்றைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டான். செவ்வந்தி பசு இல்லை, தான் தாலி கட்டிய பெண்டாட்டி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவளை விரட்டிவிட்டு இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தவளை, ‘இதுவும் மலடுதான்’ என்று அம்மா இன்று காலையில்தான் திட்ட ஆரம்பித்திருந்தாள்.