இரண்டு பாட்டில் தண்ணீர்

முலாம் பட்டறைக்குச் சீல் வைப்பார்களா மாட்டார்களா என்பது மேசைமேல் இருந்த இரண்டு பாட்டில்களின் கையில் இருந்தது.

ஒன்று, பட்டறைக் குழாயிலிருந்து ஓடையில் விழும் கழிவுநீர். மற்றது, பட்டறைக்கு மேற்புறத்தில், அந்தக் கழிவு கலக்கும் முன் எடுத்த ஓடைத் தண்ணீர். கழுத்தில் தொங்கிய அட்டை இல்லாவிட்டால் எது எதுவென்றே தெரியாது.

"செம்பும் துத்தநாகமும் கலந்த தண்ணியில வளர்ற கிருமிக்கு எல்லாம் பழகிடும் சார். அப்புறம் மருந்து கொடுத்தாலும் சாகாது. மேல்தண்ணிய விட உங்க தண்ணியில அந்தக் கிருமி அதிகமா இருந்தா, மூடித்தான் ஆகணும்" என்ற மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆய்வாளர் அம்மா, கை கழுவப் போனார்.

செலவுக்குப் பயந்து சுத்திகரிப்புத் தொட்டியை நிறுத்தச் சொன்னவரே முதலாளிதான். 'கஞ்சப் பிசினாரி! மிச்சம் பிடித்தாயே, இப்போது வீடு, வாசல், மகள் படிப்பு எல்லாம் மொத்தமாகப் போகப் போகிறது' என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பக்கத்தில், பட்டறையை மேற்பார்க்கும் மைத்துனன். எதற்கெடுத்தாலும் நியாயம் பேசுகிற ரகம்.

"மேடத்துக்குக் காபி வாங்கிட்டு வாப்பா" என்று அவனைக் கிளப்பினார்.

அட்டைகள் இடம் மாறின. பித்தளையைத் தங்கமாகக் காட்டிப் பிழைக்கிறவருக்கு இதென்ன பிரமாதம்? ஆனாலும் ஓர் அட்டையை முதலில் தலைகீழாக மாட்டிவிட்டுத் திருப்பினார். 'திருட்டிலும் நான் கத்துக்குட்டிதான்' என்று சிரித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஆய்வாளர் அரக்கும் பூட்டுமாக வந்தார்.

"எங்களுக்கே ஆச்சரியம் சார். மேல ஆஸ்பத்திரி, கோழிப்பண்ணை எல்லாமே ஓடையிலதான் மருந்துக் கழிவை விடுது. அந்தத் தண்ணிதான் மோசமா இருக்கும்னு நினைச்சோம். அது சுத்தமா இருக்கு. உங்க தண்ணியில இருக்கற கிருமி எந்த மருந்துக்கும் மசியல."

முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்தார். 'தப்பு, தப்பு' என்று கத்தலாம். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நான்தான் அட்டையை மாற்றினேன் என்றா சொல்வது? ஷட்டர் இறங்கியது.

மைத்துனன் அழாக்குறையாக அவர் கையைப் பிடித்தான்.

"எப்படி மாமா? தெரிஞ்சா திட்டுவீங்கன்னு உங்ககிட்ட சொல்லாம, அந்தத் தொட்டிய நான் ஒரு நாள் விடாம ஓட்டிட்டுத்தானே இருந்தேன்!"