மூன்றாவது போல்ட்

துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில், வீட்டு வாசலில் தூக்கி நிறுத்திய பழைய காருக்கு அடியில் உஷாராணி படுத்திருந்தாள்.

"ஒரு மணி நேரம் நானே மல்லுக்கட்டினேன். வராது லா," என்றான் கணவன் குணாளன். "ஆனா இன்னிக்குக் கழட்டியே ஆகணும்."

"முறுக்கினா போல்ட் தலை ஒடஞ்சிடும்ங்க. சுத்தியலக் கொடுங்க."

எண்ணெய் விட்டு ஊறவைத்த போல்ட்டை மெல்லத் தட்டினாள். முதலில் கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்தினாள். மறுபடியும் எண்ணெய், மறுபடியும் தட்டல். அவசரமே இல்லாத அந்தக் கைகளைக் குணாளன் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது போல்ட்டும் கிரீச்சிட்டுக் கழன்றது. குணாளன் காருக்குள் கையை விட்டு, அந்த போல்ட்டுகள் பிடித்திருந்த பெடலை வெளியே எடுத்தான். அவள் லைசென்ஸ் எடுத்த புதிதில், அவள் ஓட்டுவதைக் கண்டு பயந்து, பக்கத்து இருக்கையில் தன் காலடியில் அவன் பொருத்திக்கொண்ட இரண்டாவது பிரேக்.

"நாளையிலேர்ந்து நீ போர்ட்ல நாப்பதடி கன்டெய்னர் லோரி ஓட்டப் போற. இனியும் இது இருந்தா எனக்குத்தான் வெக்கம்."

உஷாராணி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பன்னெண்டு வருஷமா பக்கத்துல உக்காந்து வந்தீங்க. ஒரு தடவையாவது மிதிச்சிருந்தா, இவ்ளோ துரு ஏறியிருக்குமா?"