அப்சல் கையால பேசின நாள்

இல்ல மச்சி, அந்த கேம் கம்பெனி பட்டன் கண்ட்ரோலரையே எடுத்துட்டப்ப நானும்தான் அவங்களைக் கிழிச்சுத் தொங்கவிட்டேன். கையை ஆட்டி விளையாடுறதெல்லாம் சின்னப் பசங்க வேலைன்னு. அதுவும் இந்த கன்சோல்ல ஓடு, சுடுன்னு எல்லா கட்டளையும் சைகை மொழியிலதான் குடுக்கணும். வேற வழியில்லாம எங்க கேம் டீம் பசங்க எல்லாரும் உக்காந்து கத்துக்கிட்டாங்க.

நேத்து டீம் பையன் அப்சல் முதல்தடவை வீட்டுக்கு வந்தான். எங்க ரெஜினா அக்காவுக்குக் காது கேக்காது, வீட்டுல நாங்க மட்டும்தான் அதுகூட சைகையில பேசுவோம். எவன் வந்தாலும் ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு ரூமுக்குள்ள போயிடும்.

அப்சல் கையாலயே, "அக்கா, உங்க தம்பி சண்டைன்னா முதல்ல ஓடுறான்"னான்.

அக்கா அப்படியே நின்னுடுச்சு. அப்புறம் வேகமா கையை ஆட்டிச்சு: "கரப்பான்பூச்சிக்கே ஓடுவான்!"

மூணு மணிநேரம் ரெண்டு பேரும் என்னை வெச்சு செஞ்சாங்க. என் ஃப்ரெண்டு ஒருத்தன் அக்காகூட உக்காந்து பேசினது இதுதான் முதல்தடவைடா. திட்டின கம்பெனிக்கே தேங்க்ஸ் மெயில் போட்டுட்டேன். சனிக்கிழமை மேட்ச்சுக்கு அக்காவையே கேப்டன் ஆக்கிடலாமா, நீ என்ன சொல்ற?